ஊசியால் தீரும் கேள்வி

பாரிமுனையில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ரசீது இல்லாமல் எழுதப்பட்ட நூறு ரூபாய்ச் செலவைக்கூடச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவது என் அன்றாடப் பணி. அப்படிப்பட்ட நான், 2022ஆம் ஆண்டு தை மாதம் தொடங்கி வைகாசி முடிவதற்குள், இரண்டு லட்சத்து நான்காயிரம் ரூபாயை ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்காமல் ஒரே ஒரு மனிதரின் சொல்லை நம்பிச் செலவழித்தேன். பணத்தைச் சம்பாதித்துக்கொள்ளலாம், அந்த ஐந்து மாதங்களை எப்படி ஈடுசெய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இறை நம்பிக்கை என்றால் என்ன, அது அறிவுக்குப் பொருந்துமா என்ற கேள்வி அதற்கு முன்பு என் மனத்தில் எழுந்ததே இல்லை. எழுந்த பிறகு அதை யாரிடமும் பேச முடியாமல் ஓர் ஆண்டு தனியாகத் திண்டாடினேன். அந்த நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது பயன்படும் என்றுதான் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு மறுநாள் என் மனைவியின் கழுத்தில், இடப்பக்கக் காறை எலும்புக்குச் சற்று மேலே, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தென்பட்டது. வலி இல்லை. மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவிலேயே இருக்கும் மருத்துவர் பத்து நாள் மாத்திரை கொடுத்துப் பார்த்தார். கட்டி கரையவில்லை என்றதும், அதிலிருந்து சிறிது சதையை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், காசநோயாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், தாமதிக்க வேண்டாம் என்று சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வீட்டில் என் தாயாரும் அக்காவும் ஒரே குரலில், கட்டியில் ஊசி குத்தினால் உடம்பெல்லாம் பரவிவிடும் என்றார்கள். இது நம் ஊரில் பலரும் சொல்வது, ஆதாரமற்ற அச்சம். இன்ன நோய் என்று தெரியாமல் எந்த மருத்துவராலும் சரியான மருந்தைத் தொடங்க முடியாது, அதைத் தெரிந்துகொள்ள அந்த ஊசியை விட்டால் வேறு வழி இல்லை என்பதை அன்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. உண்மையில், எடுத்துச் சொன்னவர் ஒருவர் இருந்தார், அவர் எழுதிய சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது. நான்தான் அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். முடிவு என்னவாக இருக்குமோ என்ற பயம் எனக்கு. பயந்தவனுக்குக் காத்திருக்கச் சொல்கிறவர் தெய்வமாகத் தெரிவார்.

அப்படித்தான் அக்காவுக்குத் தெரிந்த ஜோதிடர் ஒருவரிடம் போனோம். ஜாதகம் பார்க்க ஐந்நூறு ரூபாய். ராகு தசையில் சனி புக்தி நடக்கிறது, வைகாசி முடியும்வரை உடம்பில் கத்தி படக்கூடாது என்றார். அடுத்த வாரம் பிரசன்னம் பார்க்க ஐயாயிரம். பிறகு மிருத்யுஞ்சய ஹோமம், நாற்பத்திரண்டாயிரம். திருநள்ளாறு, திருநாகேஸ்வரம், வைத்தீஸ்வரன்கோயில், திருக்கடையூர் என்று மூன்று நாள் பயணம், வண்டி வாடகையும் பரிகாரச் செலவும் சேர்த்து இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு. வீட்டு வாசலில் பதிக்க எந்திரத் தகடு, பதினெட்டாயிரம். இவ்வளவுக்குப் பிறகும் கட்டி எலுமிச்சையாகி, மாலையில் காய்ச்சலும் வரத் தொடங்கியபோது, இது மூன்று தலைமுறைக்கு முந்தைய குடும்ப சாபம், அதை நீக்க நாற்பத்தெட்டு நாள் பூஜை வேண்டும் என்றார். ஒரு லட்சத்துப் பத்தாயிரம். அதற்காக மனைவியின் நான்கு பவுன் சங்கிலியை அடகு வைத்தேன். பதினான்கு மாதம் கழித்து மீட்டபோது வட்டி மட்டும் பதினைந்தாயிரத்து நானூறு ஆகியிருந்தது.

இந்தக் கணக்கை இன்று வரிசையாக எழுதிப் பார்க்கையில், ஒவ்வொரு தொகையும் முந்தையது பலிக்கவில்லை என்பதையே காரணமாகக் காட்டிக் கேட்கப்பட்டிருப்பது தெரிகிறது. கட்டி சிறுத்தால் பரிகாரம் பலித்தது, வளர்ந்தால் தோஷம் பெரியது, அப்படியே இருந்தால் பரிகாரம் தடுத்து நிறுத்தியிருக்கிறது. எது நடந்தாலும் அவர் சொன்னது சரி. இப்படிப்பட்டவரிடம் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: என்ன நடந்தால் நீங்கள் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்? இதற்கு நேரான பதில் வராத இடத்தில் பணம் கொடுக்கக்கூடாது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வேண்டுதல் செய்தே ஆக வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், கோயில் அலுவலகத்தில் எந்த அர்ச்சனைக்கு, எந்த ஹோமத்துக்கு எவ்வளவு கட்டணம் என்று பலகையில் எழுதியே வைத்திருப்பார்கள். பணம் கட்டினால் ரசீது கொடுப்பார்கள். நம்பிக்கை உள்ளவர்கள் அங்கே நேராகப் போகலாம். நடுவில் ஓர் ஆள் தேவையில்லை.

ஒவ்வொரு முறை நான் தயங்கும்போதும் அவர் சொன்ன வாக்கியம் ஒன்றுதான்: "செஞ்சு வெச்சா என்ன சார் நஷ்டம்?" இந்த வாக்கியத்தை நம் வீடுகளில் சொல்லாதவர் இல்லை. பின்னாளில்தான், பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளேஸ் பாஸ்கல் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் ஏறத்தாழ இதே வாதத்தைக் கடவுளைப் பற்றி ஒரு பந்தயமாக எழுதி வைத்திருப்பதைப் படித்தேன். கடவுள் இருந்தால் நம்புகிறவனுக்கு அளவற்ற லாபம், இல்லாவிட்டால் இழப்பு அற்பம், ஆகவே நம்புவதே அறிவுடைமை என்பது அதன் சாரம். தணிக்கைக்காரன் கண்ணுக்கு அதன் ஓட்டை உடனே தெரியும். இழப்பு அற்பம் என்று எழுதியிருக்கும் வரியில்தான் ஓட்டை இருக்கிறது. மறுமையைப் பற்றிப் பந்தயம் கட்டும்போது அந்த வரி எப்படி இருந்தாலும் போகட்டும். என் வீட்டில் அந்த வரியில் இரண்டு லட்சமும், ஏழு கிலோ எடையும், ஐந்து மாதங்களும் இருந்தன. "என்ன நஷ்டம்" என்று யாராவது கேட்டால், உடனே ஒரு காகிதத்தை எடுத்து நஷ்டத்தை எழுதிப் பாருங்கள். பணம் ஒரு பத்தி, நாள் ஒரு பத்தி, உடம்பு ஒரு பத்தி.

ஏழு கிலோ என்றது என் மனைவி இழந்த எடை. இரவில் தலையணை நனையும் அளவுக்கு வியர்வை, மாலைக் காய்ச்சல், அதோடு செவ்வாயும் சனியும் விரதம். காய்ச்சலில் இருப்பவரை விரதம் இருக்கச் செய்தது நான் செய்த தவறுகளிலேயே கொடியது. இதைவிட வெட்கமாக ஒன்று உண்டு. அந்த ஐந்து மாதத்தில் ஒருநாள்கூட அவளிடம் உனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போய்க் கற்பகாம்பாள் சந்நிதியில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருபவள் அவள். அதனால் எல்லாவற்றையும் நம்புவாள் என்று நானாக எடுத்துக்கொண்டேன். அவளோ, எனக்கு ஆறுதலாக இருக்கிறது போலும் என்று நினைத்து, எனக்காக எல்லாவற்றுக்கும் உடன்பட்டிருக்கிறாள். நோயாளி ஒருவர், பயம் வேறொருவருக்கு, பரிகாரம் இன்னொருவர் சொன்னது. நோயாளியைத் தனியாக உட்காரவைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

முடிச்சை அவிழ்த்தது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள். ஜூன் மாதம் வங்கிப் புத்தகத்தைத் தேடி இழுப்பறையைத் திறந்தவள், ஜனவரித் தேதியிட்ட அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மறுநாள் காலையில் ஆட்டோ பிடித்துத் தாயை மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விட்டாள். சதைப் பரிசோதனைக்கு ஆன நேரம் இருபது நிமிடம். நல்ல நாள் எதுவும் பார்க்கவில்லை. அன்று அஷ்டமி என்று என் தாயார் பிறகு சொன்னார்.

முடிவு வர எட்டு நாள் ஆயிற்று. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, அதாவது நிணநீர்க்கணுக்களில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய், மூன்றாம் நிலை. தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1832இல் விவரித்த நோய் இது. ஒரு காலத்தில் பெரும்பாலும் உயிரைக் குடித்த நோய், இன்று புற்றுநோய்களில் நன்றாகக் குணமாகக்கூடியவற்றுள் ஒன்று என்று மருத்துவர் விளக்கினார். ஜனவரியில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். மருந்துச் சுற்றுகள் குறைந்திருக்கக்கூடும், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஒருவரை ஐந்து மாதம் கழித்து அப்போதுதான் பார்த்தேன், அங்கேயே அழுதேன். இங்கே ஒரு குறிப்பு: வீட்டில் கொடுக்கும் கஷாயம், லேகியம், பஸ்பம், விரதம் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். நான் பயந்தபடி அவர் திட்டவில்லை. ஒவ்வொன்றையும் கேட்டு எழுதிக்கொண்டு, பஸ்பத்தை மட்டும் உடனே நிறுத்தச் சொன்னார். மருத்துவரிடம் சொல்லாதீர்கள் என்று எவர் சொன்னாலும், அவர் எந்த மதத்தின் பெயரால் சொன்னாலும், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பன்னிரண்டு தடவை மருந்து ஏற்றினார்கள். ஜூலையில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. நான்கு மருந்துகளில் ஒன்று சிவப்பாக இருக்கும்; அதைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். இன்னொன்று, வின்பிளாஸ்டின் என்பது, நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது என்று மருந்தகத்தில் சொன்னார்கள். எங்கள் மாடித் தொட்டியில் பூத்து, நாள்தோறும் பூஜைக்குப் பறிக்கும் அதே பூ. அம்பாளே மருந்தாக வந்திருக்கிறாள் என்று என் தாயார் கண்ணீர் விட்டார். ஆய்வுக்கூடத்தில் யாரோ பல ஆண்டு உழைத்துப் பிரித்தெடுக்காவிட்டால் அது வெறும் பூதான் பாட்டி என்றாள் மகள். இருவரில் எவரையும் மறுக்க எனக்குத் தோன்றவில்லை. ஒரே செடியைப் பற்றி இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்றும், ஆனால் ஒரே வகை உண்மையைச் சொல்லவில்லை என்றும் மங்கலாக ஓர் எண்ணம் மட்டும் வந்து போயிற்று.

மருந்து ஏற்றும் கூடத்தில் பக்கத்துக் கட்டிலில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். இரத்தப் புற்றுநோய். அவனுடைய அம்மா எண்ணூரில் மீன் விற்பவர். ஆகஸ்ட் 29ஆம் தேதி பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் கொடியேற்றத்துக்காக எண்ணூரிலிருந்து நடந்தே போய்விட்டு வந்து, மந்திரித்த எண்ணெயில் பாதியை என் மனைவிக்குக் கொடுத்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. நாங்கள் சாம்பார் சாதம் கொடுப்போம், அவர் வீட்டில் பொரித்த மீனைத் தன் பையனுக்கு மட்டும் ஊட்டிவிட்டு, எங்களைப் பார்த்துச் சங்கடமாகச் சிரிப்பார். அக்டோபரில் பையன் இறந்துவிட்டான்.

தை மாதக் கடைசியில் என் மனைவியின் ஸ்கேனில் நோயின் தடயம் இல்லை என்று வந்தது. அன்று இரவு எங்கள் வீட்டில் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. எனக்கு மட்டும் உள்ளே ஏதோ இடிந்து விழுந்தது. அக்கா தொலைபேசியில், பரிகாரம் வீண்போகவில்லை பார்த்தாயா என்றாள். தாயார் மாங்காட்டு அம்மனுக்கு நன்றி சொன்னார். ஜோதிடரிடமிருந்தும் ஒரு குறுஞ்செய்தி வந்தது, வாழ்த்தோடு. எல்லோரும் அவரவர் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்கள். எண்ணூர் அம்மாவின் கணக்கில் அது எங்கே பற்று எழுதப்பட்டிருக்கிறது என்று நான் யோசித்தேன். எங்களைவிடக் குறைவாகவா அவர் வேண்டிக்கொண்டார்? என் மனைவி பிழைத்தது வேண்டுதலால் என்றால், அந்தப் பையன் போனது வேண்டுதல் போதாமையாலா? இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லத் துணியாதவர்கள் முதல் வாக்கியத்தைச் சொல்லக்கூடாது என்று எனக்குப் பட்டது. துன்பம் வந்தால் சாமியை விட்டு விலகுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு நல்லது நடந்து, அதனால் நம்பிக்கை போயிற்று. இதை யாரிடம் சொல்வது? நன்றி கெட்டவன் என்பார்கள். நான்கு மாதம் பூஜை அறைக்குள் நுழையாமல் ஏதேதோ சாக்குச் சொன்னேன். தூக்கம் போயிற்று.

அந்த நாட்களில் அலுவலகம் முடிந்ததும் எழும்பூர் கன்னிமரா நூலகத்துக்குப் போய் உட்காரத் தொடங்கினேன். வேப்பேரி பெரியார் திடலிலும் சில சிறு வெளியீடுகள் வாங்கினேன். என்னை ஏமாற்றியவர் எப்படி ஏமாற்றினார் என்பதை அவை தெளிவாகவே சொல்லின. அந்தத் தெளிவு எனக்கு இருபது வயதில் கிடைத்திருக்கலாம். ஆனால் வீங்கிய காலோடு எண்ணெய்ப் புட்டியில் பாதியை நீட்டிய பெண்ணைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியிருந்தது, அதற்கு அவற்றில் விடை கிடைக்கவில்லை.

நூலகத்தில் படித்தவற்றுள் இரண்டு என்னை உலுக்கின. வில்லியம் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளியைப் பற்றி எழுதுகிறார். கப்பல் பழையது என்ற சந்தேகம் அவனுக்கு இருக்கிறது. இத்தனை பயணம் போய் வந்தது, கடவுள் காப்பார் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு, சந்தேகத்தை அடக்கிவிட்டு, பயணிகளை ஏற்றி அனுப்புகிறான். கப்பல் மூழ்குகிறது. அவன் குற்றவாளி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவன் அதே அளவு குற்றவாளிதான், ஏனென்றால் கையிலிருந்த சான்றைக் கொண்டு அப்படி நம்ப அவனுக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிஃபோர்ட். அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு வெளியே வந்து, பாந்தியன் சாலையில் எழும்பூர் நிலையம் வரை நடந்தேன். என் கப்பல் கரை சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

மற்றது, கிளிஃபோர்டுக்கு மறுப்பாக அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1896இல் வெளியிட்ட சொற்பொழிவு. கன்னிமரா நூலகம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். சான்றைக் கொண்டு தீர்க்க முடியாத கேள்விகள் சில உண்டு. அவற்றுள் சிலவற்றைத் தள்ளிப்போடவும் முடியாது, ஏனென்றால் முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவே. அத்தகைய இடத்தில் மனத்தின் சாய்வைப் பின்பற்றி நம்புவதற்கு மனிதனுக்கு உரிமை உண்டு என்பது அவர் வாதம். முதலில் இருவரும் ஒருவரையொருவர் வெட்டுவதாகத்தான் தோன்றிற்று. பிறகுதான் என் நிலைமை விளங்கியது. என் மனைவியின் கழுத்தில் இருந்த கேள்வி ஊசியால் தீரக்கூடியது. இருபது நிமிடத்தில், சில ஆயிரம் ரூபாயில் தீரக்கூடிய அதை, தீர்க்கவே முடியாத கேள்விகளுக்குரிய பீடத்தில் ஏற்றிவைத்துப் பூமாலை போட்டேன்.

இதை எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னேன். திருநீறு அழியாத நெற்றிக்காரர். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டு, இது நம் சைவ நூல்களிலேயே இருக்கிறதே ஐயா என்றார். ஒன்றை அறிவதற்கு அளவைகள் மூன்று, காட்சி, கருதல், உரை. கண்ணால் காணக்கூடியதற்குக் காட்சி, புகையைக் கண்டு நெருப்பை உணர்வதுபோல் ஊகிக்க வேண்டியதற்குக் கருதல், இவ்விரண்டும் எட்டாத இடத்துக்குத்தான் உரை, அதாவது அருளாளர் வாக்கு. "காட்சி கையில இருக்கும்போது உரையைத் தேடிப் போனீங்க. அதுவும் யாரோட உரை?" என்றார். சித்தாந்தம் வளர்த்தவர்கள் எதிர்த்தரப்பை வரிசையாக நிறுத்தி வாதாடியிருக்கிறார்கள் என்பதும், சமயம் என்றாலே கேள்வி கேட்காமல் இருப்பது என்ற எண்ணம் என்னுடைய சோம்பல்தான் என்பதும் அன்றைக்கு உறைத்தது. உரையை ஏற்பதா வேண்டாமா என்பதில் எனக்கும் அவருக்கும் இன்றுவரை உடன்பாடு இல்லை. ஆயினும் வாரம் ஒருமுறை பேசுகிறோம். நம்பிக்கை ஆட்டம் காணும்போது இப்படி ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்: உங்களைத் திருத்தவேண்டிய அவசரம் இல்லாத ஒருவரை.

இன்னும் எண்ணூர் அம்மா மிச்சம் இருந்தார். பையன் இறந்த பிறகும் அவர் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. என் மனைவி அவ்வப்போது தொலைபேசியில் பேசுவாள். மாசி மாதம் ஒருநாள் நானே அவரைக் கேட்டுவிட்டேன், உங்களுக்குக் கோபம் வரவில்லையா என்று. "கோவம் இல்லாம இருக்குமா சார்? தெனமும் மாதாகிட்ட போய் திட்டுறேன். திட்டுறதுக்கும் ஒரு ஆள் வேணும்ல?" என்றார். நான் கணக்கில் எங்கே வைப்பது என்று தெரியாமல் திணறியதை அவர் கணக்குக்கு வெளியே வைத்திருந்தார். அதைக் கேட்டபோது, அவர் வீட்டுக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் இருக்கும் திருவொற்றியூர் நினைவுக்கு வந்தது. மகிழமரத்தடியில் செய்த சத்தியத்தை மீறிய சுந்தரர் கண்பார்வையை இழந்தது அங்கேதான் என்று புராணம் சொல்கிறது. ஒரு கண்ணில் மட்டும் பார்வை திரும்பிய நிலையில் திருவாரூர் போய், உன்னை நம்பிய அடியார்களை இப்படி வாட்டிவிட்டு நீர் மட்டும் நன்றாக வாழ்ந்துபோம் என்று சிவனைத் திட்டிப் பதிகமே பாடினார். அந்தத் திட்டையும் தேவாரத்தில் சேர்த்துப் பாதுகாத்திருக்கிறார்கள்.

தொல்காப்பிய உரியியலில் "நம்பும் மேவும் நசையாகும்மே" என்று ஒரு நூற்பா உண்டு, தமிழாசிரியர்தான் காட்டினார். நம்பு என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் விருப்பம் என்பது பொருள். இன்ன காரியம் நடக்கும் என்று எண்ணுவதை நம்பிக்கை என்கிறோம், ஒருவர்மீது மனம் ஒட்டிக்கொள்வதையும் நம்பிக்கை என்கிறோம். என்னிடம் இருந்தது முழுக்க முழுக்க முதல் வகை. முதலீடு செய்தவன் லாபத்தை எதிர்பார்ப்பதைப் போன்றது அது. அதைச் சான்றுகொண்டு சோதிக்க வேண்டும், சோதித்தால் என்னுடையது தேறாது. எண்ணூர் அம்மாவிடமும் என் மனைவியிடமும் இருப்பது இரண்டாவது. அது அறிவுக்குப் பொருந்துமா என்று கேட்டால், ஒருவர் தம் தாயிடம் வைத்திருக்கும் ஒட்டுதலைச் சான்று காட்டச் சொல்வதுபோல் எனக்குத் தோன்றுகிறது. அதற்காகக் கேள்வியே எழாது என்றும் சொல்லமாட்டேன். தாய் இருக்கிறாள் என்பது தெரியும், மற்றது தெரியாது. அந்த இடைவெளி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது, அவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. இதில் அவர்களை அறிவற்றவர்கள் என்று சொல்ல என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

இப்படி ஆட்டம் கண்டிருப்பவர்களுக்கு, என் தவறுகளிலிருந்து இரண்டு செய்திகள். முதலாவது, அவசரப்பட்டு எதையும் தூக்கி எறியாதீர்கள், எதையும் அறிவிக்காதீர்கள். ஒருநாள் ஆத்திரத்தில் எந்திரத் தகட்டைப் பெயர்த்தெடுக்கும்போது கூடவே என் தாயார் நாற்பது ஆண்டு பூஜித்த படத்தையும் பரணில் தூக்கிப் போட்டேன். தகட்டை யாரும் தேடவில்லை. படம் இருந்த இடத்தைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லாமல் வெறும் சுவருக்கு விளக்கேற்றினார். மூன்றாம் நாள் நானே எடுத்து மாட்டினேன். இரண்டாவது, யாரையாவது இழந்தவரிடம் எந்த விளக்கமும் சொல்லாதீர்கள். கர்ம வினை, இறைவனின் சித்தம், எல்லாம் வெறும் உயிரியல் என்ற மூன்றையுமே அந்த அம்மாவிடம் வெவ்வேறு ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள். பையனுக்குப் பிடித்த மீன் எது என்று கேட்டவள் என் மனைவி ஒருத்திதானாம்.

பங்குனியில் மயிலாப்பூர் பெருவிழாவுக்கு எண்ணூர் அம்மாவை என் மனைவி அழைத்திருந்தாள். எட்டாம் நாள், அறுபத்துமூவர். பிற்பகல் வீதியுலா பார்க்க வருவார் என்று நினைத்தால் காலையிலேயே வந்து நின்றார். அன்று காலையில்தான் பூம்பாவை உயிர்த்தெழுந்த வரலாற்றை நடத்திக் காட்டுவார்கள். பாம்பு கடித்து இறந்த பெண்ணின் எலும்பையும் சாம்பலையும் தந்தை குடத்தில் வைத்துக் காத்திருக்க, சம்பந்தர் பதிகம் பாட, அவள் எழுந்து வந்தாள் என்ற கதை. பிள்ளையைப் பறிகொடுத்து ஆறு மாதம்கூட ஆகாதவரிடம் இதையா காட்டுவது என்று நான் மனைவியின் காதருகே கடிந்துகொண்டேன். அவள் கேட்கவில்லை. கூட்டத்தில் நசுங்கியபடியே, ஒவ்வொரு கட்டத்தையும் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

எல்லாம் முடிந்து தெப்பக்குளத்துக்கு எதிர்ப்பந்தலில் நீர்மோர் வாங்கிக் குடிக்கும்போது, "அந்தப் பொண்ணு அப்புறம் வீட்டுக்குப் போச்சா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. என் மனைவி, "போச்சுக்கா, அப்பாவே கூட்டிட்டுப் போனாரு," என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, இன்னொரு குவளை மோர் கேட்டு வாங்கினார்.